பொறியியலும் மக்கள் நல்வாழ்வும்

(பிலாய் நகரில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த மாணவர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடையேறிப் பேசுவது என் தொழில் அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவமனைகளில் பழுதுபட்ட கருவிகளோடு பேசிப் பழகியவன் நான். அவை எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆயினும் நம் செயலாளர் அவர்கள் விடவில்லை. அவர் வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற பொங்கல் விழாவில், இலை போடுவதற்கு முன் கிடைத்த இடைவேளையில், நம் காலனி அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். “அண்ணா, என் பெண் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் படிக்கிற படிப்பா அது? கம்ப்யூட்டர் படித்தால் பெங்களூர் போவாள், கெட்டிக்காரத்தனம் இருந்தால் அமெரிக்கா போவாள். இதைப் படித்தால் எங்கே போவாள்?” என்று கேட்டார். செயலாளர் பக்கத்தில் நின்று பாயசத்தை ருசித்துக்கொண்டே இதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் விளைவுதான் இந்தச் சொற்பொழிவு. அன்று அவருக்குச் சரியான விடை கூறாமல் சாப்பிடப் போய்விட்டேன். இன்று கூற முயல்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியது இந்த உருக்காலையை நம்பித்தான். இங்கே முதல் ஊது உலை 1959-ஆம் ஆண்டில் எரியத் தொடங்கியது. உருக்கு செய்வதற்கு, ஆக்சிஜன் என்று நாம் வழங்கும் பிராணவாயு மிகுதியாக வேண்டும். ஆகையால் உருக்காலைகளில் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. நைட்ரஜன் சுழிக்குக் கீழ் 196 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பிராணவாயு 183 டிகிரி வரை திரவமாக நிற்கும். பதின்மூன்று டிகிரி இடைவெளிதான். அந்த இடைவெளியைக்கொண்டே மனிதன் காற்றைப் பிரிக்கிறான்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை நாம் மறக்கவில்லை. இரண்டாம் அலை நாட்டைச் சூறையாடிய அந்நாட்களில், பிலாய், பொகாரோ, ரூர்கேலா போன்ற உருக்காலைகளிலிருந்து திரவப் பிராணவாயு லாரி லாரியாகப் பல மாநிலங்களுக்குச் சென்றது. அதற்கெனத் தனி இரயில்களே ஓடின. ஆலையில் பணியாற்றிய நம் பிள்ளைகள் இரவு பகல் பாராமல் உழைத்ததை இந்த அரங்கில் இருப்போர் நன்கு அறிவர். அதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆலை வாயிலைத் தாண்டிய பிராணவாயு ஒரு குழந்தையின் மூக்கைச் சென்றடைவதற்குள் எத்தனை கண்டங்களைக் கடக்க வேண்டும்! டாங்கர் வேண்டும். அதை ஏற்றுக்கொள்ள மருத்துவமனையில் தொட்டி வேண்டும். தொட்டியிலிருந்து கட்டிலுக்குச் செப்புக் குழாய் வேண்டும். அளவு காட்டும் மீட்டர், மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய், இரத்தத்தில் பிராணவாயு போதுமா என்று விரல்நுனியில் பார்த்துச் சொல்லும் ஆக்சிமீட்டர் ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையெனில், மற்றவை அனைத்தும் இருந்தும் பயனில்லை. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். ஆலைப் பொறியாளர் ஆலையைப் பார்க்கிறார். அதிகாரி கோப்பைப் பார்க்கிறார். இந்த வழி முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பவர் யார்? அந்தப் பார்வையைக் கற்றுத் தருவதுதான் உயிர்மருத்துவப் பொறியியல். டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் தேடும் புகலிடம் என்று அதை நினைப்பது தவறு.

அத்துறையின் அருமையை நான் கல்லூரியில் உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். என் தவற்றிலிருந்தே உணர்ந்தேன். அதை இங்கு சொல்லத் தயங்கினேன். ஆனால் அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாநிலத்தின் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் பிராணவாயுச் செறிவூட்டிகள் வாங்குவதற்கான குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். செறிவூட்டி என்பது ஒரு சிறு அலமாரி அளவுள்ள இயந்திரம். சுற்றுப்புறக் காற்றை இழுத்து அழுத்தி, ஜியோலைட் என்னும் கனிமக் குருணைகளின் ஊடே செலுத்தும். அக்குருணைகள் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தூய்மையான பிராணவாயு வெளியே வரும். சிலிண்டரைப் போல் தீர்ந்துபோகாது. மின்சாரமும் கவனிப்பும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். டெண்டருக்கு வேண்டிய தொழில்நுட்ப விவரங்களை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அயல்நாட்டு விலைப் புத்தகங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தூய்மை எத்தனை விழுக்காடு, ஓசை எவ்வளவு என்றெல்லாம் அழகாக எழுதினேன். அந்த ஊர்களில் மின்னழுத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று எழுதவில்லை. ஸ்டெபிலைசர் கேட்கவில்லை. காற்று வடிகட்டியை யார் கழுவுவார், மாற்று வடிகட்டி எங்கே கிடைக்கும் என்று ஒரு வரியும் இல்லை. குறைந்த விலை கேட்டவருக்கு ஆணை சென்றது. இயந்திரங்கள் வந்தன, மாலை போட்டுப் புகைப்படமும் எடுத்தார்கள்.

பதினான்கு மாதங்கள் கழித்து, வேறொரு வேலையாக அம்மருத்துவமனைகளுள் ஒன்றுக்குச் சென்றேன். குழந்தைகள் வார்டை ஒட்டிய சாமான் அறையில், வெள்ளைத் துப்பட்டி போர்த்தி ஆறு செறிவூட்டிகள் வரிசையாக நின்றன. முதல் நாள் பூசையில் இட்ட குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. வார்டின் தலைமைச் செவிலியர், “மூன்றாம் மாதமே ஒவ்வொன்றாக நின்றுவிட்டன, ஐயா. எழுதிப் போட்டோம். யாரும் வரவில்லை” என்றார். அன்று பிற்பகல் அவற்றைத் திறந்து பார்த்தேன். வடிகட்டிகளில் புழுதி கம்பளியைப் போல் படிந்திருந்தது. இரண்டில் ஃபியூஸ் போயிருந்தது. ஒன்றில் ஈரம் புகுந்து குருணைகளே கெட்டிருந்தன. வடிகட்டிகளைச் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, கடைத்தெருவில் ஃபியூஸ் வாங்கி வந்து போட்டேன். மாலை விளக்கேற்றும் நேரத்திற்குள் நான்கு இயந்திரங்கள் ஓடின. செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

அந்த அம்மையார் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓடும் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மேசைமேல் அந்தக் குளிர்காலத்து வார்டுப் பதிவேடு இருந்தது. நிமோனியா என்று எழுதிய வரிகளும், அவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதிய சில குறிப்புகளும் கண்ணில் பட்டன. அந்தச் சிவப்பு வரிகள் எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணும் துணிவு எனக்கு அன்று இல்லை, இன்றும் இல்லை.

இதை ஒரு மூலையில் நடந்த தனிச் செய்தி என்று கருதிவிடாதீர்கள். நம் நாட்டுத் தேசிய நலவாழ்வு இயக்கத்தின்கீழ், 29 மாநிலங்களில் அரசு மருத்துவ நிலையங்களில் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள்; மதிப்பு ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, அவற்றில் நூற்றுக்குப் பதின்மூன்றிலிருந்து முப்பத்துநான்கு வரை வேலை செய்யாமல் கிடந்தன. அதன் பின்னரே 2015-இல் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புக்கென ஒரு தேசியத் திட்டம் பிறந்தது. உலகெங்கும் இதே கதைதான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் மால்கினும் அவருடைய தோழர் ஒருவரும் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து வந்த பழுதுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிகளை, அயல்நாட்டு உதிரிப் பாகம் எதுவும் இன்றி, மின்சாரம், குழாய், மோட்டார் முதலியன பற்றிய அடிப்படைத் திறன்களைக்கொண்டே மீண்டும் இயங்கச் செய்ய முடிந்தது என்று அவர்கள் கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சாமான் அறைதான் நினைவுக்கு வந்தது.

இனி மறுபக்கத்தையும் சொல்கிறேன். பாப்புவா நியூகினி என்பது ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள மலைநாடு. அங்கே ஐந்து மருத்துவமனைகளில் செறிவூட்டிகளையும் ஆக்சிமீட்டர்களையும் வைத்தார்கள். வைத்ததோடு நில்லாமல், செவிலியர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு நிமோனியாவோடு வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஐவர் இறந்துகொண்டிருந்தனர். பின்பு அது மூன்றேகாலுக்கும் சற்றுக் குறைந்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் கணக்கு இது. 2008-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அங்கே புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த பொருளை, இருக்க வேண்டிய இடத்தில், இயங்கும் நிலையில் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

இத்தகைய சான்றுகள் கிடைத்த பிறகும், நாடுகள் அவற்றை ஏற்றுப் பணம் ஒதுக்க வேண்டுமே! அங்கேதான் பொதுக்கொள்கை வருகிறது. மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். ஏனெனில் இந்தப் பகுதியை உங்கள் பாடநூல் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. எந்த நாட்டு அரசும் மருந்து வாங்கும்போது அதைப் புரட்டிப் பார்க்கும். அதில் பிராணவாயு நெடுங்காலம் மயக்க மருந்துப் பகுதியிலேயே ஒதுங்கிக் கிடந்தது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்த எந்த நோயாளிக்கும் அது மருந்து என்று 2017-இல்தான் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், செறிவூட்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப விவர நூலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. நான் எழுதத் தவறிய மின்னழுத்தம், வெப்பம், ஈரப்பதம், உதிரிப் பாகம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்நூலை முதன்முறை படித்தபோது நான் அடைந்த வெட்கத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, மருத்துவப் பிராணவாயு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

இவற்றையெல்லாம் மருத்துவர்கள் மட்டுமே செய்தார்கள் என்று நினைக்க வேண்டா. உலக சுகாதார நிறுவனத்தில் மருத்துவக் கருவிப் பிரிவை நெடுநாள் நடத்தி வந்தவர் அட்ரியானா வெலாஸ்கெஸ் என்னும் மெக்சிகோ நாட்டுப் பெண்மணி. அவர் ஓர் உயிர்மருத்துவப் பொறியாளர். தம் நாட்டில் மருத்துவத் தொழில்நுட்பத்திற்கென அரசு மையம் ஒன்றைத் தொடங்கி நடத்திய அனுபவத்தோடு ஜெனீவா சென்றவர். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான், 2010-இல் பாங்காக்கில் மருத்துவக் கருவிகளுக்கான முதல் உலக மாநாடு கூடியது. நாடுகளின் சுகாதாரத் துறைகளில் பொறியாளர்க்குரிய இடம் என்ன என்பதை விளக்கி 2017-இல் ஒரு தனி நூலும் வந்தது. பெண் பிள்ளை எங்கே போவாள் என்று கேட்ட நம் அன்பருக்கு இது ஒரு விடை. ஜெனீவாவுக்கும் போகலாம். ஆனால் மாவட்ட மருத்துவமனையின் சாமான் அறை வழியாகப் போனால்தான் அங்கே பயன்படுவாள்.

இன்னொரு கருவியின் கதையைச் சொல்ல எனக்கு மிக விருப்பம். அது நம் தோலின் நிறத்தோடு தொடர்புடையது. 2021-இல் நம் வீடுகளில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் அலமாரியில் இருக்கும். அதன் தத்துவத்தை 1970-களில் கண்டவர் தக்குவோ அயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். சிவப்பொளியையும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியையும் விரலின் ஊடே செலுத்தி, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், இரத்தத்தின் பிராணவாயு அளவு தெரியும் என்று அவர் கண்டார். ஊசி குத்தாமல், வலி இல்லாமல் கிடைக்கும் இவ்வரம், அறுவை மேசையில் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

ஆனால் கறுத்த தோலும் அவ்வொளியை உறிஞ்சும் அன்றோ! கறுப்பின நோயாளிகளிடம் இக்கருவி பிழை காட்டுகிறது என்று 1990-லேயே ஓர் ஆய்வு சொல்லியது. பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மீண்டும் கணக்கிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி, குறையில்லை என்ற நிலையில், இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது 88-க்கும் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கறுப்பினத்தவரில் நூற்றுக்குப் பன்னிருவருக்குச் சற்றுக் குறைவு. ஏன் இப்படி? அமெரிக்க அரசின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கருவியைச் சோதிக்கும்போது கருநிறத்தவர் குறைந்தது இருவர், அல்லது நூற்றுக்குப் பதினைந்து, இவற்றுள் எது மிகுதியோ அத்தனை பேர் இருந்தால் போதும் என்றது. பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் அதில் இருவர்! தொழிற்சாலை தன்மேல் விதிக்கப்பட்டதைச் செய்தது. விதியை எழுதியவர்கள் உலகத்து மக்களின் நிறத்தை எண்ணிப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில்தான், பல நிறத்தவரையும் போதிய எண்ணிக்கையில் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்ற புதிய வரைவை அவர்கள் வெளியிட்டார்கள்.

ஒளியியல் அறிந்தவர்க்கு இந்தப் பிழை விளங்கும். சட்டம் அறிந்தவர்க்கு அந்த விதி விளங்கும். இரண்டும் சேர்ந்து விளங்கும் ஆள்தான் அரிது. நாளை நம் நாட்டில் இத்தகைய விதி எழுதும்போது, மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் மக்களின் விரல்களை நினைவில் வைத்து எழுத ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அது நம் காலனிப் பெண்ணாக ஏன் இருக்கக் கூடாது?

நம் நாட்டிலும் இப்போது அந்த நாற்காலிகள் பெருகுகின்றன. முன்பு மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகளே இல்லை. 2017-இல் எழுதிய விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளும் சட்டத்தின் கண்ணுக்குள் வந்தன. எந்தக் கருவிக்கு அரசுப் பணம் தருவது தகும் என்று எடைபோட்டுப் பார்க்கும் அமைப்பு ஒன்றும் 2017-இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் ஏற்பட்டது. அவ்வாண்டுதான் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு அரசு விலை வரம்பு கட்டியது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று தொடக்கத்தில் வைத்தார்கள். விலை வரம்பு நல்லதா, புதிய கருவிகள் வருவதைத் தடுக்குமா என்று வழக்கிடுவோர் உண்டு. என் கருத்து, வரம்பு வேண்டும் என்பதே. ஆனால் அந்த எண்ணை வைக்குமுன் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

கருவி செய்வோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், இதய அறுவை மருத்துவர் வலியத்தான் அவர்களும் பொறியாளர்களும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து இதய வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று அமைப்புகளும் சோதனையில் தோற்றன. நான்காவதை 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்தினார்கள். பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைச் செய்து விற்றது; இன்று வரை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு அது சென்றிருக்கிறது. மூன்று முறை தோற்றதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளை ஒரு தேர்வில் ஒரு முறை சறுக்கினாலே வீட்டில் எத்தனை நாள் உலை வைக்காமல் இருக்கிறோம்!

இனி, பெற்றோர் கேட்க விரும்புவது. எங்கே படிப்பது? நமக்கு மிக அருகில், ராய்ப்பூர் என்.ஐ.டி.யிலேயே இப்பட்டப் படிப்பு இருக்கிறது. ஊர்ப்பக்கம் அனுப்ப எண்ணினால் சென்னையில் கிண்டியும், கோவையில் பி.எஸ்.ஜி.யும் உண்டு. மேற்படிப்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைப் பொறியியல் எம்.டெக். மிக உயர்ந்தது. மாணவர் உண்மையாகவே வார்டில் நின்று கற்கும் படிப்பு அது. சில ஆண்டு வேலை பார்த்த பிறகு பொதுச் சுகாதாரத்திலோ, பொதுக்கொள்கையிலோ ஒரு முதுகலைப் பட்டம் பெறலாம். யூனிசெஃப் நிறுவனம் கோபன்ஹேகனில் நடத்தும் கொள்முதல் நிலையம் போன்ற இடங்களுக்குப் பட்டத்தோடு கள அனுபவமும் வேண்டும்.

சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். தொடக்கத்தில் மருத்துவமனை வேலையில் ஊதியம் குறைவு. கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் முதல் ஐந்து ஆண்டுகள் மனம் வருந்தும். அரசுத் திட்டங்களில் பல இடங்கள் ஒப்பந்த இடங்கள். இத்துறையில் பட்டம் பெற்ற பலர் கருவி விற்பனைக்கோ மென்பொருளுக்கோ போய்விடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிள்ளைக்கு இதில் உண்மையான ஈடுபாடு இல்லையெனில் சேர்க்காதீர்கள். ஈடுபாடு இருந்தால், ‘பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள்’ என்பதற்காகத் தடுக்காதீர்கள். 2021-இல் நாடெங்கும் மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராணவாயு நிலையங்களை அவசர அவசரமாக நிறுவினார்கள். அவையும் ஜியோலைட் குருணைகளால் இயங்குபவைதாம். அவற்றுக்கும் புழுதி உண்டு, ஈரம் உண்டு, மின்னழுத்தம் உண்டு. அவற்றைத் திறந்து பார்க்க ஆட்கள் வேண்டும். அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கச் சொல்லி, செயலகத்தில் கணக்கோடு வாதாடவும் ஆட்கள் வேண்டும்.

சற்று முன், நான் மேடையேறுவதற்கு முன்பு, அந்த அன்பரின் மகள் என்னிடம் வந்தாள். “மாமா, கருவியைப் பழுது பார்ப்பதா, விதி எழுதுவதா, எதை முதலில் கற்க வேண்டும்?” என்று கேட்டாள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுத் திண்ணையில் பழைய செறிவூட்டி ஒன்று இருக்கிறது. எடைக்குப் போட்ட இடத்திலிருந்து வாங்கி வைத்தது, ஓடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளும், விருப்பமுள்ள மற்றப் பிள்ளைகளும் வரலாம். திருப்புளி நான் தருகிறேன். பழைய துணி ஒன்று கொண்டு வாருங்கள். புழுதி மிகுதியாக இருக்கும். தந்தையாரும் உடன் வந்தால் காப்பி உண்டு.